பதினோராவது போல்ட்டும் என் நாக்கும்

1979 ஆகஸ்ட் 5, ஞாயிறு. நோன்பு 10.

கச்சான் காற்று. கண்ணெல்லாம் மண்.

எழுதவே வெட்கம். இன்று பகல், லுஹர் தொழுகைக்கு முன், என் கராஜில், நோன்போடு ஒரு போல்ட்டை எடுத்து நக்கிவிட்டேன். பசியில் அல்ல, பழக்கத்தில். எதிர்க்கடையில் மீரான் டெய்லர், ஊசியில் நூல் கோத்தபடி. பத்து நிமிடமாக அவன் கண்ணுக்கு ஊசித்துளை தெரியவில்லை. என் நாக்கு தெரிந்தது.

துப்பினேன். மூன்று தரம் துப்பினேன். வாய் கொப்பளித்தேன்.

"என்ன பாஸ், போல்ட்டுக்கு உப்புக் காணுமா?"

"மறதி மீரான். மறந்து செஞ்சா குத்தமில்ல."

"அதத்தான் நானும் எல்லாருக்கும் செல்லுவன். மறந்துதான் நக்கினாரு எண்டு."

எல்லாருக்கும்.

விபரம், பின்னால் எனக்கே மறக்கும் என்பதால்: பக்கத்து ஊர்ப் பாண்டிருப்புத் தங்கராசாவின் மெஷின் வள்ளம். (இனி த.ரா. பெயர் நீளம், பென்சில் குட்டை.) எஞ்சினின் தலைப்பாகம், ஹெட், வெடிப்பு விட்டுவிட்டது. கொழும்பிலிருந்து வேறொன்று வந்திருக்கிறது. ஹெட்டைக் கீழே உள்ள புளொக்கோடு இறுக்கிப் பிடிப்பவை பதினான்கு போல்ட்கள். சில போல்ட்டின் ஓட்டை இரும்புக்குள்ளேயே முடிந்துவிடும்: குருட்டு ஓட்டை. சிலது, எஞ்சினைக் குளிரவைக்கக் கடல் தண்ணீர் ஓடும் அறைக்குள் திறக்கும். தண்ணீருக்குள் திறப்பவற்றுக்குப் போல்ட்டின் புரியில் (மரையில்) பசை பூச வேண்டும். பூசாவிட்டால் தண்ணீர் புரி வழியே சுற்றிச் சுற்றி மேலேறி எண்ணெயில் கலக்கும். குருட்டு ஓட்டைக்குப் பூசக்கூடாது. அடியில் பசை தேங்கி, முறுக்க முறுக்க அமுங்கி, புளொக்கையே பிளந்துவிடும். எனக்கு ஒரு தரம் பிளந்திருக்கிறது. யாருடைய எஞ்சின் என்று இந்தக் கொப்பியிலும் எழுதமாட்டேன்.

எது எந்த வகை? கம்பி விட்டு ஆழம் பார் என்பான் புத்தகம் படித்தவன். துருக்கட்டி பாதியில் அடைத்திருந்தால் கம்பி அங்கேயே நின்று "இதுதான் அடி" என்று பொய் சொல்லும். நான் கழற்றிய பழைய போல்ட்டின் நுனியை நக்குவேன். உப்பு என்றால் அது கடலைத் தொட்டு வந்தது. இருபத்திரண்டு வருஷ வித்தை. சாய்ந்தமருதில் மெக்கானிக் பாஸ் என்று என்னை நாலு பேர் மதிப்பது இதற்காகத்தான், முகத்துக்காக அல்ல.

ஆகஸ்ட் 6, திங்கள். நோன்பு 11.

மீரான் சொன்ன சொல் தவறாதவன். அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனால் ஹவுல் தொட்டியடியில் கைகால் கழுவி ஒளூச் செய்துகொண்டிருந்த ஆறு பேரும் ஒன்றாக நாக்கை நீட்டினார்கள். நானும் பதிலுக்கு நீட்டினேன். சிரிப்பு. தொழுவிக்கும் லெப்பை மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பார்வை. என்னவோ சொல்ல வாயெடுத்தார், நான் நழுவிவிட்டேன். ஊரைச் சிரிக்க வைப்பவனுக்குத் தன்னைப் பார்த்துச் சிரிப்பது பிடிக்காது. நாற்பத்தாறு வயதில் கற்ற பாடம்.

வீட்டிலும் அதே. பெண்சாதி சல்மா சொன்னாள்: "இஞ்சப் பாருங்க, மகள்ள மாமிவூட்டுக்கும் கதை போயிரிச்சி. இனி இந்த மாசம் முடியும் வரைக்கும் அந்த நாக்க உள்ள வெச்சிக்கங்க."

ஓம் என்றேன். உள்ளே வைத்துவிட்டேன்.

இன்று போல்ட் தெரிவு. ஹெட்டோடு பக்கெட்டில் வந்த புதிய போல்ட்கள் எல்லாம் கட்டை. நீளமானது ஒன்றும் இல்லை. மூன்று ஓட்டைக்கு நீளம் வேண்டும். கட்டையைப் போட்டால் இரண்டு புரிதான் பிடிக்கும். நீளத்தைக் கட்டை ஓட்டையில் போட்டால் இன்னும் மோசம்: அடியில் முட்டி நின்று, கைக்கு இறுக்கம் காட்டும், ஹெட்டுக்கு அழுத்தம் போகாது.

ஆகவே பழைய இரும்புப் பெட்டியிலிருந்து நீளத்தில் மூன்றைத் தேறவைக்க வேண்டும்; கழற்றியவற்றைத் துப்புரவாக்கினால் உப்பும் போய்விடும். கம்பித் தூரிகை, மண்ணெண்ணெய்க் குளிப்பு. பிறகு ஒரு நட்டை விரலால் மட்டும் சுழற்றி அடிவரை ஓட விடுவது. தடங்கல் இல்லாமல் ஓடினால் நல்லது. நடுவில் தயங்கினால் அந்த இடத்தில் போல்ட் இழுபட்டு இடுப்பு மெலிந்துவிட்டது. மெலிந்த இடுப்பை மனிசரில் மெச்சலாம், போல்ட்டில் மெச்சினால் எஞ்சின் போகும். இரண்டு தேறியது, ஒன்று தயங்கியது. பெட்டியை மறுபடி கிண்டி வேறொன்று எடுத்தேன். அது ஓடியது.

கழற்றிய பதினான்கும் அட்டையில் துளையிட்டு, அதனதன் இடத்தில், நம்பரோடு நிற்கின்றன. ஜனாஸாத் தொழுகைக்கு ஸஃப் வரிசை கட்டினாற் போல.

ஆகஸ்ட் 7, செவ்வாய். நோன்பு 12.

காலையிலிருந்து பாண்டிருப்புக் கடற்கரை. வள்ளத்தை ஊர் கூடி மேலே இழுத்து வைத்திருக்கிறார்கள். மேலே கிடுகு நிழல், கீழே அடுப்பு மணல். தொண்டை பலகை.

த.ரா. எனக்கு முன்னமே வந்து குந்தியிருந்தான். அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்பான்.

"என்ன காக்கா, நாக்குக்கு லீவாம்?"

"உனக்கும் வந்திட்டா?"

"டெய்லர் இஞ்ச வரைக்கும் தைச்சிட்டான்." பிறகு, கொஞ்சம் தணிந்து: "நான் நோன்பில்லத்தானே. அந்த அட்டையத் தாங்க. நான் நக்கிப் பாத்துச் செல்லுறன்."

நல்ல மனிதன். நல்ல எண்ணம். நான் என்ன சொன்னேன்? "உண்ட வலைய நான் வந்து வீசவா? போ மச்சான், போய்க் கயிறப் பாரு." பெருமை. என் நாக்கு லீவில் இருந்தாலும் அந்தக் கதிரையில் வேறு நாக்கு உட்காரக்கூடாது.

கண்ணால் பார்த்தேன். ஐந்து போல்ட்டின் நுனியில் வெள்ளை பூத்திருந்தது: 1, 4, 6, 9, 14. மற்ற ஒன்பதும் எண்ணெய்க் கறுப்பு. ஐந்துக்குப் பசை. ஒன்பதுக்கு எண்ணெயில் தோய்த்த துணியால் ஒரு தடவல் மட்டும். ஓட்டைகளைத் துணி சுற்றிய கம்பியால் துடைத்தேன். கேஸ்கட், ஹெட், போல்ட். நடுவிலிருந்து வெளியே, ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம், மூன்று சுற்றில் இறுக்கினேன்.

இன்னொரு சோதனை இருக்கிறது. ஒவ்வோர் ஓட்டையிலும் மண்ணெண்ணெய் நிரப்பி ஒரு மணித்தியாலம் காத்திருப்பது. இறங்கினால் திறந்த ஓட்டை, நின்றால் குருடு. செய்யவில்லை. வீட்டில் கஞ்சி. நோன்பு திறக்க நேரத்துக்குப் போக வேண்டும். இதைவிடப் பெரிய காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. த.ரா. கைகூப்பினான், எனக்கா எஞ்சினுக்கா தெரியாது. அவன் பெண்சாதி பூரணம் தேத்தண்ணியோடு வந்து, என்னைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டு கோப்பையை முந்தானைக்குள் மறைத்தாள்.

ஆகஸ்ட் 8, புதன். நோன்பு 13.

பகல் இரண்டு மணிக்கு வள்ளம் இறங்கியது. த.ரா., அவன் மருமகன், பெரியநீலாவணையான் ஒருவன். சூரை மீன் படுகிறதாம். நாளை காலை திரும்புவார்கள்.

சாமான்:
வெங்காயம்
மீரானிடம் சாரம் தைக்கக் கொடுத்ததைத் திரும்ப வாங்குவது (இனி அவனிடம் தைப்பதில்லை)
கராஜ் கூரையில் ஓட்டை

நோன்பு திறந்து, பேரீச்சம்பழம், கஞ்சி. மஃரிப் தொழுதுவிட்டுக் கராஜுக்குப் போய்ப் பழைய சாமான்களை ஒதுக்கினேன். அட்டை கையில் வந்தது. நாக்குக்கு அனுமதி உள்ள நேரம். யாரும் இல்லை. மீரான் கடை பூட்டு.

1: உப்பு. சரி. 4: உப்பு. சரி. 6, 9, 14: சரி.

விட்டிருக்கலாம். கை பதினொன்றில் நின்றது. கறுப்பு நுனி. வெள்ளை ஒரு பொட்டும் இல்லை.

உப்பு.

பெருவிரலால் துடைத்துவிட்டு மறுபடி. உப்பு.

மிச்சத்தை நக்க மனம் வரவில்லை. ஒன்றே போதும்.

பதினொன்றுக்கு நான் பசை பூசவில்லை. தண்ணீர் இப்போதே ஏறிக்கொண்டிருக்கும். எண்ணெய் பால் தேத்தண்ணி நிறமாகும். அதற்குப் பிறகு பெயாரிங் பிடிக்கும், எஞ்சின் சாகும். கரையில் செத்தால் வெறும் ஏச்சு. ஆனால் இது கச்சான் காலம். காற்று தரையிலிருந்து கடலுக்கு. செத்த எஞ்சினோடு ஒரு வள்ளம் கிழக்கே போனால் அந்தமான் வரை தடுக்க ஒன்றும் இல்லை.

மூன்று பேர்.

சல்மாவிடம் சொல்லவில்லை. இரவுத் தறாவீஹ் தொழுகையில் எத்தனை றக்அத் தொழுதேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, வியாழன். நோன்பு 14.

காற்று இன்னும் கூட.

ஏழு மணிக்குப் பாண்டிருப்புக் கரை. மற்ற வள்ளங்கள் வந்துவிட்டன. த.ரா.வினது இல்லை. கேட்டேன். "நேத்துப் பின்னேரம் கண்டம், தெக்க போனான்" என்றான் ஒருவன். "நல்லாத்தான் ஓடிச்சி" என்றான் இன்னொருவன். நல்லாத்தான் ஓடும். தண்ணீர் ஏற நேரம் வேண்டுமே.

பத்து மணி வரை நின்றேன். பிறகு பூரணத்தின் வீடு. போகும் வழியில் என்ன சொல்வது என்று நாலு விதம் யோசித்தேன். நாலும் பகிடியாக முடிந்தன. எனக்கு வேறு மாதிரிக் கதைக்கத் தெரியவில்லை.

"தங்கச்சி, ஒரு பிழை செஞ்சிட்டன். ஒரு போல்ட்டுக்குப் பசை பூசல்ல. தண்ணி ஏறி எஞ்சின் நிண்டு போகலாம்."

அவள் சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"நோன்பு பிடிச்சி உங்களுக்கு மூளை காஞ்சு போச்சு காக்கா. போனமுறை வந்து, வள்ளத்துக்கு ஆண்புள்ள பொறந்திருக்கி எண்டீங்க. அதுக்கு முந்தி, அவருக்கு அம்பாறையில சின்னவூடு எண்டீங்க."

நான் சிரிக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் தனியே சிரித்தாள். பிறகு மீன் அரிந்த கையோடு அப்படியே நிலத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தினையாவது ஆணி?"

"பதினொண்டு."

"மத்தப் பதிமூண்டும் சரிதானே?"

"ஓம்."

"அப்ப பதிமூண்டு பிடிக்குந்தானே காக்கா."

அது பிடிக்கிற விஷயம் அல்ல, தண்ணீர் விஷயம் என்று விளக்க வாயெடுத்தேன். அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, "பிடிக்கும்" என்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் தொழிலைப் பற்றிச் சொன்ன பெரிய பொய்.

அவள் மகள், மருமகன் போயிருக்கிறானே அவன் பெண்சாதி, வாசலில் நின்று எல்லாம் கேட்டுவிட்டாள். எட்டு மாதம் வயிற்றில். உள்ளே போய்ச் சாமிப் படத்துக்கு முன்னால் விளக்குக் கொளுத்தினாள். பட்டப்பகல்.

பின்னேரம் லெப்பையிடம் போனேன். முழுவதும் சொன்னேன். துஆ ஓதக் கேட்டேன். அவர் கேட்டார்: "நக்கிப் பாக்க ஏன் பயந்த நீ?"

"நோன்பு."

"பொம்புளயள் கஞ்சிக்கு உப்புப் பாத்துத் துப்புறாங்க. தேவைக்கு ருசி பாத்து, விழுங்காமத் துப்பினா நோன்பு முறியாது. அண்டைக்கு அதச் செல்லத்தான் வந்தன். நீதான் நாக்க நீட்டிக் காட்டிட்டுப் போயிட்டாய்."

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தபடி இருந்தேன். சல்மா கேட்டாள். சொன்னேன். அவளும் முதலில் சிரித்தாள்.

ஆகஸ்ட் 10, வெள்ளி. நோன்பு 15.

காலையிலும் வரவில்லை.

ஜும்ஆ முடிந்து எல்லாரும் எழும்ப முன் நான் எழும்பினேன். பின் வரிசையில் ஒருவன் பக்கத்தவனிடம்: "பாஸ் எழும்பிட்டாரு. இனிச் சிரிப்புத்தான்." சிரிக்கத் தயாராக நூறு முகம் திரும்பின. மீரானின் முகம் முதலில்.

சொன்னேன். போல்ட், பசை, மண்ணெண்ணெய்ச் சோதனை செய்யாதது, கஞ்சி. மூன்று பேரின் பெயர். "வள்ளம் வெச்சிருக்கிற ஆக்கள் ரெண்டு பேர் தெக்காலயும் கிழக்காலயும் போய்ப் பாத்தா..."

முகங்கள் ஒன்றொன்றாக அணைந்தன.

ஒரு ஹாஜியார், என் கராஜில் உழவு மெஷின் விட்டிருப்பவர், மெல்லக் கேட்டார்: "எண்ட மெஷினுக்கும் நாக்காலதான் பாத்த நீ?"

"ஓம் ஹாஜியார்."

தலையசைத்தார். அஸருக்குள் மெஷினை மாட்டை வைத்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வள்ளம் போனது. நோன்போடு போனார்கள். எண்ணெய்க் கானைத் தூக்கி விட்டவர்களில் மீரானும் ஒருவன். என்னைப் பார்க்கவில்லை.

பாண்டிருப்புக் கரையில் பூரணத்துக்கு ஐந்து முழம் தள்ளி உட்கார்ந்தேன். பக்கத்தில் போக மனமில்லை, விட்டுப் போகவும் இல்லை. அவள் ஒரு தரம் திரும்பி, "வெயில்ல இருக்காதீங்க, நோன்பு" என்றாள். அதைவிட அவள் என்னை ஏசியிருக்கலாம்.

ஐந்தரை மணி இருக்கும். தெற்கிலிருந்து சத்தம். முதலில் சத்தந்தான், வள்ளம் தெரியவில்லை. மூன்று சிலிண்டரும் ஒழுங்காக அடிக்கிற சத்தம். நான் பூட்டிய எஞ்சின்.

த.ரா. இறங்கினான். கழுவிய சேட். நெற்றியில் திருநீறு. கையில் பலகாரப் பொட்டலம்.

வியாழக்கிழமை காற்றுக்குப் பயந்து தெற்கே திருக்கோவில் ஊரில் ஒதுங்கினானாம். அங்கே அக்கா வீடு. அக்காவின் மகள் பெரியபிள்ளையாகிச் சடங்காம். தாய்மாமன் வராமல் எப்படி? ஒரு நாள் நின்றுவிட்டான்.

பூரணம் கண்ணைத் துடைத்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள். அந்த அக்காவோடு அவளுக்கு ஆறு வருஷமாகப் பேச்சில்லை.

"செத்திருந்தா அழுதிருப்பன்," என்றாள். "இந்த மனிசன் அக்காவூட்ட சோறு திண்டிருக்காரு."

கரை முழுக்கச் சிரிப்பு. மகள் மட்டும் தன் புருஷனின் சேட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

தேடிப் போன இரண்டு வள்ளமும் இருட்ட முன் வந்து சேர்ந்தன. பேரீச்சம்பழம் கொடுத்தேன், கடற்கரையிலேயே நோன்பு திறந்தார்கள்.

ஆகஸ்ட் 11, சனி. நோன்பு 16.

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம்.

காலையிலேயே வள்ளத்தில். த.ரா. பக்கத்தில். மேல் மூடியைக் கழற்றினேன். எண்ணெய் தேன் போல. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"இன்னும் ஏறல்ல," என்றேன். "ஏறும்."

தண்ணீர் அறையை வடித்துவிட்டுப் பதினோராவதைக் கழற்றினேன். தண்ணீர் ஈரம் இல்லாமல் வந்தது. ஓட்டையில் மண்ணெண்ணெய் நிரப்பினேன். செவ்வாய்க்கிழமை கொடுக்காத ஒரு மணித்தியாலத்தை இன்று கொடுத்தேன். இரண்டு பேரும் ஓட்டையைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைப்பேறு பார்க்கிற ஆட்கள் மாதிரி.

இறங்கவில்லை. ஒரு மயிரளவும் இல்லை. குருட்டு ஓட்டை. பசை தேவையே இல்லை. கண்ணால் பார்த்ததுதான் சரி.

த.ரா. மண்ணெண்ணெய்ப் போத்தலை மூடி வைத்தான். பிறகு: "எண்ட பொஞ்சாதி சொன்னா. நீங்க வந்து சொன்னதும், பள்ளியில சொன்னதும். உங்கட இடத்தில நானெண்டா வாயத் திறந்திருக்க மாட்டன் காக்கா."

"நான் ஆயுளுக்கும் மூடினதில்லயே மச்சான்."

சிரித்தான். பிறகு கேட்டான்: "அப்ப அது ஏன் உப்பு?"

ஓட்டையிலிருந்த மண்ணெண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தேன். பதினொன்றைத் துடைத்து, திரும்பப் பூட்டி, அளவுக்கு இறுக்கிவிட்டு வந்தேன்.

நோன்பு திறந்த பிறகு கராஜ். அட்டையை எடுத்து மிச்சத்தையும் பார்த்தேன். இரண்டு: உப்பு. மூன்று: உப்பு. ஏழு, எட்டு, பன்னிரண்டு: உப்பு. பதினான்கில் ஒன்று மிச்சமில்லை, எல்லாம் உப்பு. பக்கெட்டில் மிஞ்சிய புது போல்ட் ஒன்று கிடந்தது, எந்த எஞ்சினுக்குள்ளும் போகாதது. எண்ணெய்த் தாளை உரித்து, பெருவிரலால் துடைத்து, அதையும் நக்கினேன். உப்பு.

பிறகு என் பெருவிரலை நக்கினேன். அதே உப்பு.